ஊசியின் பாரம்

ரெக்கார்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து ஸ்க்ராட்ச் செய்வதற்கு டர்ன்டேபிள் வாங்குவதாக இருந்தால் பெட்டியின் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். முதலில் அதை ஓடவிட்டு, சுழலும் தட்டை உள்ளங்கையால் பிடித்து நிறுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் தயங்காமல் பழைய வேகத்துக்கு வர வேண்டும். தூக்கக் கலக்கத்தில் எழுகிறவனைப் போல மெள்ள மெள்ளக் கிளம்பினால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

மேல் அலமாரியில் இருப்பவை பெல்ட்டில் ஓடுகிறவை. மோட்டார் ஓரமாக இருக்கும், ஒரு ரப்பர் பெல்ட் தட்டை இழுத்துச் சுற்றும். உட்கார்ந்து கேட்கிறவர்களுக்கு அது போதும். உங்களைப் போன்றவர்கள் முன்னும் பின்னும் இழுத்தால் பெல்ட் நழுவிவிடும். கீழே இருப்பவற்றில் தட்டுக்கு நேர் அடியிலேயே மோட்டார். நீங்கள் பார்க்க வேண்டியது இவற்றைத்தான். தாராளமாகத் தொட்டுப் பார்க்கலாம். அதற்கு முன் அந்த மூலையில் குழாயும் சோப்பும் இருக்கின்றன, கையைக் கழுவிக்கொண்டு வாருங்கள். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், யார் வந்தாலும் இதைத்தான் சொல்வேன்.

இந்த அருவருப்பு எனக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. இந்தத் தொழிலுக்கு வந்த பிறகு கூடிவிட்டது. ஒருவர் விற்கக் கொண்டுவந்த ரெக்கார்டில் யாருடையதோ ஒரு தலைமுடி சுருண்டு ஒட்டியிருந்தது. இன்னொருவர், பல் குத்துகிற குச்சியால்தான் ஊசியைச் சுத்தம் செய்வேன் என்று பெருமையாகச் சொன்னார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. என் தங்கை வயிறு குலுங்கச் சிரித்தாள். "உனக்கு வரப்போறவ பாவம்ணா, அவளையும் சோப்புத் தண்ணியில முக்கி எடுத்துத்தான் வீட்டுக்குள்ள விடுவ" என்றாள். அப்படி யாரும் வரவில்லை. எனக்கு அது ஒரு குறையாகவும் தெரியவில்லை.

நீங்கள் டர்ன்டேபிள் வாங்க வரவில்லை என்று எனக்குத் தெரியும். வாங்க வருகிறவர் விலையைக் கேட்பார். நீங்கள் வந்ததிலிருந்து என் பின்னறைக் கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்கள் விரல் நுனி காய்த்திருப்பதைப் பார்த்ததுமே என் தங்கை மாப்பிள்ளையோடு வாசிக்கிறவர் என்று புரிந்துவிட்டது. அவர் அனுப்பினாரோ, நீங்களாகவே வந்தீர்களோ, எதுவானாலும் சரி. இதில் மூடி மறைக்க ஒன்றுமில்லை. அவருக்கு எந்தப் பெட்டியை, ஏன் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

அந்தக் கதவுக்குப் பின்னால் ரெக்கார்டு வெட்டும் எந்திரம் இருக்கிறது. நான் அதை வாங்கிய புதிதில் தங்கை எனக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு வந்தாள். அப்போது அவள் மாசமாக இருந்தாள். எந்திரத்தைச் சோதிக்க எனக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. அரக்கு பூசிய ஒரு தகட்டைப் பொருத்தி, மைக்கை அவள் முன்னால் வைத்தேன்.

"என்னண்ணா பேசறது?"

"வாய்க்கு வந்ததைப் பேசு. நான் கையைக் காட்டற வரைக்கும் நிறுத்தாத."

அவள் வயிற்றில் கை வைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறவளோடு பேச ஆரம்பித்துவிட்டாள். "அடியே, உன்னத்தான். பொண்ணுன்னு எனக்கு எப்பவோ தெரிஞ்சுபோச்சு, உங்கப்பாகிட்ட சொல்லல. வெளிய வந்ததும் உங்க மாமா உன்னக் கழுவித் துடைச்சுட்டுத்தான் தூக்குவாரு, பயந்துடாத. நாம ரெண்டு பேரும் நிறைய சண்டை போடுவோம். ஆனா தூங்கறதுக்கு முன்னாடி சமாதானம் ஆயிடணும், அதுதான் நம்ம வீட்டு சட்டம்." இப்படியே போயிற்று. தகட்டில் இடம் தீர்ந்துகொண்டிருந்தது. நான் கையைக் காட்டினேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, "போதுமாண்ணா?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு அந்த ரெக்கார்டுத் தட்டு முடிந்தது.

அந்தக் கடைசி வார்த்தையைக் கவனியுங்கள். மற்றதெல்லாம் குழந்தைக்குச் சொன்னது. அது எனக்குச் சொன்னது.

தட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். குழந்தை பிறந்தது, பெண்தான். சுண்டுவிரல் அளவுக்குத்தான் இருந்தாள் என்று எல்லோரும் சுண்டு, சுண்டு என்று கூப்பிட்டு அதுவே பெயராக நிலைத்துவிட்டது. சுண்டுவுக்குப் பேச்சு வருவதற்குள், காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன என் தங்கை திரும்பி வரவில்லை. அவளுக்கு கேமரா என்றாலே ஆகாது. இருக்கிற ஒன்றிரண்டு வீடியோவிலும் முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு ஓடுகிறாள், குரல் கிடையாது. ஆகவே அவள் பேசியது என்று உலகத்தில் மிஞ்சியது அந்தத் தட்டு ஒன்றுதான். மாப்பிள்ளை அதைத் தினமும் சுண்டுவைத் தூங்கவைக்கும்போது ஒரு பழைய பெட்டியில் போடுவார். அதில் எனக்கு வருத்தம் கிடையாது. அம்மா குரலைப் பிள்ளை கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்.

மாப்பிள்ளையை உங்கள் கூட்டத்தில் 'கீறல்' என்று கூப்பிடுகிறீர்களாமே. முன்பெல்லாம் அவர் கம்ப்யூட்டரில் பாட்டுப் போடுகிறவராகத்தான் இருந்தார். தங்கை போன பிறகுதான் ரெக்கார்டில் கையை வைத்து இழுக்கிற பைத்தியம் பிடித்தது. யாரிடமோ பெட்டி இரவல் வாங்கிப் பழகினார். ஒருநாள் கடைக்கு வந்து, "மச்சான், ஞாயித்துக்கிழமை மதியம் ஹால்ல வாசிக்கறேன். நீங்க கண்டிப்பா வரணும். அவளுக்காக ஒண்ணு பண்ணியிருக்கேன்" என்றார். போனேன். போயிருக்கக் கூடாது.

பட்டப்பகலில் திரையை இழுத்துவிட்டு இருட்டாக்கி வைத்திருந்தார்கள். தரையில் எவனோ எதையோ கொட்டியிருந்தான், செருப்பு ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. அத்தனை பேருடைய வியர்வையும் சேர்ந்து ஒரே புளித்த வாடை. மூச்சை அடக்கிக்கொண்டு சுவரில் முதுகு படாமல் நின்றேன். மேடையில் மாப்பிள்ளை விரலை நாக்கில் தொட்டு, அந்த எச்சில் விரலால் ஊசியைத் துடைத்தார். பிறகு என் தங்கையின் தட்டை எடுத்து வைத்தார்.

போது. போது. போ, போ, போதுமா. முன்னால் தள்ளி, பின்னால் இழுத்து, மறுபடி தள்ளி. கூட்டம் குதித்தது. "போதுமா?" என்று அவள் கேட்கும் ஒவ்வொரு தடவையும் "போதாது" என்று கத்தினார்கள். அதை எந்த அர்த்தத்தில் கத்தினார்கள் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, நீங்களும் அங்கே இருந்திருப்பீர்கள். எனக்குப் பக்கத்தில் சட்டை நனைந்து உடம்போடு ஒட்டிக் கிடந்த ஒருவன், வாயில் எதையோ மென்றுகொண்டே என் தங்கையின் சிரிப்பைப் போலச் சிரித்துக் காட்டினான். அவன் வாயிலிருந்து தெறித்தது என் கையில் விழுந்தது. கைக்குட்டையால் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

ஒன்றைக் கவனித்தேன். அவர் 'அண்ணா'வை எடுத்துவிட்டிருந்தார். 'போதுமா' முடிந்ததும் இடது கையால் சத்தத்தை வெட்டிவிடுவார், அடுத்தது சிரிப்புதான் வரும். ஒரு தடவைகூட அந்த வார்த்தை வெளியே வரவில்லை. இறங்கி வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"அது தாளத்துல நிக்கல மச்சான்" என்றார். கண்ணெல்லாம் கலங்கியிருந்தது. "அவளை இத்தனை பேர் கேட்டாங்க, பாத்தீங்களா" என்று சொல்லி, தொப்பலாக நனைந்த உடம்போடு என்னைக் கட்டிக்கொண்டார். வீட்டுக்குப் போய்க் குளித்தேன். அந்தச் சட்டையைத் துவைக்கவும் மனம் வரவில்லை, குப்பையில் போட்டேன்.

ஆனால் நான் சத்தம் போடவில்லை. தங்கை வீட்டுக்காரரிடம் மரியாதை விட்டுப்போகக் கூடாது என்று நினைக்கிறவன் நான். அடுத்த வாரமே அவர் தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தார். "இரவல் பெட்டி சரிப்படல மச்சான். நீங்களே ஒண்ணு பாத்துக் குடுங்க. எனக்கு இதுல ஒண்ணும் தெரியாது, நீங்க சொல்றதுதான்" என்றார்.

அவர் கேட்டார், நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்தேன். நடந்தது இவ்வளவுதான்.

இந்த இரண்டு பெட்டிகளையும் பாருங்கள். இதில் ஊசி தாங்குகிற கை வளைந்திருக்கிறது, அதில் நேராக இருக்கிறது. நேர் கை இருந்தால் எவ்வளவு வேகமாக இழுத்தாலும் ஊசி ரெக்கார்டின் பள்ளத்தை விட்டுத் துள்ளாது. ஸ்க்ராட்ச்சுக்கு அதுதான் நல்லது என்று எந்தக் கடைக்காரனைக் கேட்டாலும் சொல்வான். அதற்கு ஒரு விலை உண்டு, ரெக்கார்டு சீக்கிரம் தேயும். அதையும் நல்ல கடைக்காரன் சொல்வான். நான் முதல் பாதியை மட்டும் சொன்னேன்.

கடையில் விற்கிற ரெக்கார்டு என்றால் அப்போதும் தாக்குப்பிடிக்கும். என் தங்கையின் தட்டு அப்படிப்பட்டதல்ல. அலுமினியத்தின் மேல் அரக்கு, நகத்தால் கீறினாலே கோடு விழும். அதைச் சும்மா கேட்டால்கூட ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். மாப்பிள்ளைக்கு இந்த வித்தியாசம் தெரியாது. இரண்டும் கறுப்பு, இரண்டும் வட்டம், அவருக்கு அவ்வளவுதான். கம்ப்யூட்டரில் கை வைத்து வளர்ந்தவர்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. எத்தனை தடவை அமுக்கினாலும் பாட்டு அப்படியே இருக்கும் என்ற நினைப்பு.

நியாயமாகப் பேச வேண்டும் என்றால் அவருக்கே ஒரு யோசனை வந்தது. "குரலைக் கம்ப்யூட்டர்ல ஏத்திட்டு, சும்மா ஒரு தட்டை மேல வச்சு இழுக்கறாங்களே மச்சான், அது சரிவருமா?" என்று கேட்டார். சரிவரும். எதுவும் தேயாது. நான் உதட்டைப் பிதுக்கினேன். "கேக்கறவங்களுக்குத் தெரியாது மாப்பிள்ளை. ஆனா அதுல அவ இருக்கமாட்டா" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு, "அப்ப வேண்டாம்" என்றார்.

நல்ல ரெக்கார்டில் வேண்டுமளவு நகல் வெட்டித் தந்திருக்கலாம். எந்திரம் என் பின்னறையில்தானே இருக்கிறது. அவருக்குக் கேட்கத் தோன்றவில்லை. கேட்டால் கொடுத்திருப்பேனோ என்னவோ.

ஊசிக்கு வருவோம். புதிதாக ஒன்றும் பொருத்தவில்லை. என் மேசை இழுப்பறையில், முனை உடைந்துபோன ஊசி ஒன்று தூக்கிப் போடுவதற்காகக் கிடந்தது. அதைப் போட்டுக் கொடுத்தேன். "பழசுதான் மாப்பிள்ளை, ஆனா பழகின ஊசி" என்றேன். கைக்குப் பின்னால் ஒரு எடை இருக்கிறது பாருங்கள், அதைத் திருகினால் ஊசியின் பாரம் கூடும். உங்கள் வேலைக்குக் கொஞ்சம் கூடுதலாக வைப்பது வழக்கம். நான் திருக முடிகிற வரைக்கும் திருகினேன். அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். "துள்ளவே துள்ளாது" என்றேன். அது உண்மைதான்.

பணம் கொடுக்க வந்தார், நான் வாங்கிக்கொள்ளவில்லை. வாசல் வரை போனவர் திரும்பி வந்து தட்டை என் மேசைமேல் வைத்தார். "மச்சான், இதை எதுக்கும் ஒரு காப்பி எடுத்து வச்சிடுங்க. ஏதாவது ஆயிட்டா சுண்டுவுக்கு வேணும். உங்ககிட்ட இருந்தாத்தான் பத்திரம், என் போன் அடிக்கடி தண்ணியில விழுது." அன்றைக்கே எடுத்தேன். கம்ப்யூட்டரில் ஒன்று, நல்ல ரெக்கார்டில் ஒன்று. "எடுத்து வச்சிட்டேன், நீங்க தைரியமா வாசிங்க" என்று போனில் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை.

நான் நினைத்தது, அந்தக் கடைசித் துண்டு மட்டும் அழிந்துபோகும் என்பதுதான். ஒரே இடத்தில் முன்னும் பின்னும் இழுத்தால் அங்கேதான் முதலில் இரைச்சல் வரும், பிறகு குரல் மங்கும், பிறகு ஒன்றும் இருக்காது. அப்புறம் எந்த வியர்வைக் கூட்டமும் என் தங்கையைக் கேட்க முடியாது. ஒரு அண்ணன் இதைக்கூடச் செய்யவில்லை என்றால் எப்படி. ஆனால் பழைய பெட்டியைத் தூக்கிப் போட்டுவிட்டு, சுண்டுவைத் தூங்கவைக்கவும் இந்தப் பெட்டியிலேயே தட்டைப் போடுகிறார் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஊசி தினமும் முழுத் தட்டையும் உழுதுகொண்டு போயிருக்கிறது.

எப்போது தெரிந்தது என்றுதானே கேட்கிறீர்கள். மறைக்கவில்லை, சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஒரு சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சுண்டு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். மாப்பிள்ளை தட்டைப் போட்டார். சரசரவென்று இரைச்சலுக்குள்ளிருந்து என் தங்கை பேசினாள். குழந்தை என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மாமா, அம்மாவுக்கு சளி பிடிச்சிருக்கா?"

"ஆமா கண்ணு."

"மருந்து குடுக்கலாமா?"

"குடுக்கலாம். சரியாயிடும், நீ தூங்கு."

அப்போதே ஊசியைக் கழற்றிவிட்டு வேறு போட்டிருக்கலாம், பையில் புதிது ஒன்று இருந்தது. அந்த எண்ணத்தோடுதான் பெட்டிக்குப் பக்கத்தில் போனேன். ஆனால் தட்டின் மேல் எண்ணெய் விரல் தடம் இருந்தது. கொறித்த எதுவோ பொடிப்பொடியாகப் பள்ளத்தில் சிக்கியிருந்தது. ஓரத்தில் காய்ந்துபோன பால் மாதிரி ஒரு கறை. இவர்களுக்கு அவளை வைத்துக்கொள்ளத் தெரியவில்லை என்று தோன்றியது. புது ஊசியைப் பையிலேயே விட்டுவிட்டேன். "ஊசி துள்ளுது போல இருக்கு மாப்பிள்ளை" என்று சொல்லி, ஒரு சின்ன உலோக வில்லையை ஊசியின் தலைமேல் ஒட்டிவிட்டு வந்தேன். எடை இன்னும் கூடும்.

அதன் பிறகு அதிக நாள் ஆகவில்லை. மாப்பிள்ளை தட்டை ஒரு துண்டில் சுற்றிக்கொண்டு கடைக்கு வந்தார், அடிபட்ட பூனைக்குட்டியைத் தூக்கிவருகிற மாதிரி. போட்டுக் கேட்டேன். காற்று வீசுகிற சத்தம் மட்டும்தான் வந்தது, ஆரம்பத்திலிருந்து கடைசி வரை. "பரவாயில்ல மச்சான், உங்ககிட்ட காப்பி இருக்கே" என்றார். சிரிக்கக்கூடச் செய்தார்.

"கம்ப்யூட்டர் போயிடுச்சு மாப்பிள்ளை. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம இருந்தேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். "நான்தான் மச்சான்" என்றார். "என் கையாலயே அவளைத் தேய்ச்சு அழிச்சுட்டேன். சுண்டு கேட்டா என்ன சொல்லுவேன்?" வெகுநேரம் அதையே சொல்லிக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் கொடுத்தேன், முதுகில் தட்டிக் கொடுத்தேன். அவர் போன பிறகு டம்ளரைக் கழுவினேன், கையையும் கழுவினேன். அவர் மேல் எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டது, இப்போதும் நல்லபடியாகத்தான் பேசுகிறோம்.

அவர் வாசிப்பதை விட்டுவிட்டார், பெட்டியை வந்த விலைக்கு விற்றுவிட்டார் என்கிறீர்கள். நல்லது. 'உங்கம்மா எப்படிப் பேசுவாங்க' என்று பள்ளிக்கூடத்தில் யாரோ கேட்டதற்கு, சுண்டு உதட்டைக் குவித்து 'ஷ்ஷ்ஷ்' என்று காட்டினாள் என்று நீங்கள் சொன்னபோது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் குழந்தைகள் எதையும் மறந்துவிடுவார்கள்.

ஆமாம், நகல் இருக்கிறது. நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கிற கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. கொடுக்க முடியாது. கம்ப்யூட்டரில் இருந்ததை நானே அழித்துவிட்டேன், யாராவது கேட்டால் சொன்ன சொல் பொய்யாகிவிடக் கூடாது என்று. ரெக்கார்டை மட்டும் வைத்திருக்கிறேன். எச்சில் படாமல், எண்ணெய் படாமல், ஓரத்தை மட்டும் பிடித்து எடுக்கிற ஒரே மனிதனிடம் அவள் இருக்கிறாள். இருக்க வேண்டிய இடம் இதுதான்.

மதியம் கடையைச் சாத்திய பிறகு கேட்பேன். புது ஊசி, லேசான பாரம். குழந்தையோடு பேசுகிற பகுதி எனக்கு வேண்டியதில்லை, ஊசியைத் தூக்கி நேரே கடைசியில் வைத்துவிடுவேன். "போதுமாண்ணா?" என்பாள். சிரிப்பு வருவதற்குள் விரலை வைத்து நிறுத்திவிடுவேன். கொஞ்சம் பின்னால் தள்ளுவேன். "அண்ணா" என்பாள். மறுபடி கொஞ்சம் பின்னால். "அண்ணா." இப்போதெல்லாம் அந்த இடத்தில் லேசாக ஒரு இரைச்சல் கேட்கிறது, தூசியாகத்தான் இருக்கும், தினமும் துடைக்கிறேன். அப்படிப் பார்க்காதீர்கள், நீங்கள் செய்வதும் நான் செய்வதும் ஒன்றல்ல. நான் கையைக் கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன்.